17,000 கி.மீட்டரிலேயே சஸ்பென்ஷன் சத்தம்: வாரண்டியில் எப்படிக் கேட்பது?

கேள்வி: புது கார் வாங்கி 14 மாதம், 17,000 கி.மீ. ஆகிறது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் முன்பக்கம் இடது சக்கரத்தில் 'டொக்' என்று சத்தம் வருகிறது. வாங்கிய இடத்து சர்வீஸ் சென்டரில் மூன்று முறை காட்டிவிட்டேன். முதல் இரண்டு முறை "நார்மல் சவுண்டு சார்" என்றார்கள். இப்போது "லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ் இரும்புக் கையில் இருக்கும் ரப்பர்) கிழிந்துவிட்டது, ஷாக் அப்சார்பரிலும் ஆயில் கசிகிறது. ரோடு மோசம், இது தேய்மானம், வாரண்டியில் வராது, 14,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். வாரண்டி இன்னும் முடியவில்லை. பணம் கட்டி மாற்றிக்கொள்ளவா, விடாமல் கேட்கவா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?

பதில்:

விடாமல் கேளுங்கள். ஆனால் கவுண்டரில் போய்க் குரலை உயர்த்துவதற்கு முன்னால், பழைய இரண்டு விசிட்டின் ஜாப் கார்டுகளையும் (வண்டியை விடும்போது உங்கள் புகாரை எழுதித் தருகிற தாள்) தேடி எடுங்கள். ஒன்பது வருடம் டீலர் சர்வீஸ் சென்டர்களில் அட்வைசராகவும் (கவுண்டரில் வாடிக்கையாளரிடம் புகாரைக் கேட்டு எழுதுபவர்) பிறகு ஃப்ளோர் இன்சார்ஜாகவும் இருந்தேன். இப்போது கோவையில் சொந்தமாகச் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கவுண்டரின் இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் தெரிந்துகொண்டது: இந்த மாதிரித் தகராறு பெரும்பாலும் அந்த ஒரு தாளில்தான் தீர்கிறது.

அதில் "சஸ்பென்ஷன் செக்" என்று மட்டும் எழுதியிருந்தால், நீங்கள் ஒரு சோதனை கேட்டீர்கள், அவர்களும் செய்து கொடுத்தார்கள் என்றுதான் அர்த்தம். "இடது முன்பக்கம், ஸ்பீடு பிரேக்கர் இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் டொக் சத்தம்" என்று எழுதி, பக்கத்தில் கிலோமீட்டரும் தேதியும் இருந்தால், அது வாரண்டி காலத்துக்குள் பதிவான கோளாறு. அப்படிப் பதிவான கோளாறைச் சரிசெய்யாமல் இழுத்தடித்து, நாள் முடிந்த பிறகு "வாரண்டி போயிருச்சே" என்று சொல்வது எடுபடாது. சொன்ன தேதிதான் கணக்கு. உங்களுக்கு இன்னும் அவகாசம் இருப்பதால், அடுத்த முறை போகும்போது புகாரை நீங்களே வாய்விட்டுச் சொல்லி, அதே வார்த்தையில் டைப் செய்யச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். சத்தத்தைச் சொல்லுங்கள், பாகத்தைச் சொல்லாதீர்கள். "லிங்க் ராட் மாத்துங்க" என்று சொன்னால் லிங்க் ராடை (சஸ்பென்ஷனில் இருக்கும் சிறு இணைப்புத் தண்டு) மாற்றிவிட்டு ஜாப் கார்டை மூடிவிடுவார்கள். சத்தம் அப்படியே இருக்கும். அப்புறம், டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். மழை நாளில் வராத சத்தம் வெயிலில் வரும், காலையில் வராதது சாயங்காலம் வண்டி சூடான பிறகு வரும். வருகிற நேரத்தில் போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஓடோமீட்டரும் தெரிகிற மாதிரி.

அட்வைசர்கள் ஏன் முதல் பதிலாகவே "வராது" என்கிறார்கள் என்று கேட்டால், எல்லோரும் கெட்டவர்கள் என்பதால் இல்லை. வாரண்டியில் ஒரு பாகம் மாற்றினால், டீலர் அதை போட்டோ, அளவு, காரணக் குறியீடு எல்லாம் சேர்த்து கம்பெனிக்கு க்ளெய்ம் அனுப்ப வேண்டும். கழற்றிய பாகத்தை டேக் கட்டி, கம்பெனி கேட்கும்வரை வைத்திருக்க வேண்டும். லேபருக்குக் கம்பெனி தருகிற தொகை, வாடிக்கையாளரிடம் வாங்குவதைவிடப் பெரும்பாலும் குறைவு. க்ளெய்ம் ரிஜெக்ட் ஆனால் அந்தப் பணம் டீலர் தலையில் விழும். மாதக் கடைசியில் அந்தக் கணக்கைக் காட்டி மேனேஜர் திட்டுவது அட்வைசரைத்தான். அதனால் சந்தேகம் உள்ள கேஸை அனுப்பிப் பார்ப்பதைவிட வாசலிலேயே திருப்பிவிடுவது அவருக்குச் சுலபம். நானும் சிலரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அது தப்பு. "வராது" என்று சொல்லும் அதிகாரம் கம்பெனிக்குத்தான் உண்டு. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "க்ளெய்ம் போட்டீர்களா? போட்டு ரிஜெக்ட் ஆனதா? அதை எழுத்தில் கொடுங்கள்." பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

சரி, வண்டிக்கு வருவோம். உங்கள் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்லும் லோயர் ஆர்ம் புஷ் நம்பும்படியாகவே இருக்கிறது. சின்னச் சின்னக் குண்டு குழியில் மெதுவாகப் போகும்போது 'டக் டக்' என்று தட்டினால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் ராடைப் பார்ப்போம். நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுகிற மாதிரி சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்டிங் (ஷாக் அப்சார்பர் மேலே பாடியில் பொருந்தும் இடம்), அதன் பேரிங். பிரேக் பிடிக்கும்போதும், ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போதும் ஒரே ஒரு 'டொக்' என்றால் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிற விசையைத் தாங்குவது அந்த ரப்பர்தான். அது விட்டுப்போனால் ஆர்ம் முன்னும் பின்னும் அசைந்து இரும்பில் இடிக்கும்.

ஆனால் கிழிந்த புஷ்ஷில் இரண்டு ரகம் உண்டு, உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி நீங்களே கீழே நின்று பாருங்கள். எந்த சர்வீஸ் சென்டரிலும் கேட்டால் காட்டத்தான் வேண்டும். ரப்பர், உள்ளே இருக்கும் இரும்புக் குழாயிலிருந்து சுத்தமாகப் பிரிந்து வந்திருந்தால், ஒட்டு சரியில்லை, அது தயாரிப்புக் குறை. வலது பக்கத்துப் புஷ்ஷிலும் அதே இடத்தில் வெடிப்பு தொடங்கியிருந்தால் இன்னும் உறுதி. ஒரே ஒரு பள்ளம் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி கெடுக்காது. மாறாக, இடது ரிம்மின் உதட்டில் நெளிவு, டயரின் பக்கச் சுவரில் வீக்கம், ஆர்மில் உரசிய தடம், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பது, இவை எல்லாம் சேர்ந்து ஒரே பக்கத்தில் இருந்தால், வண்டி எங்கேயோ பலமாக இடித்திருக்கிறது. அப்படியானால் டீலர் சொல்வது சரி, வாரண்டி அதற்குப் பொருந்தாது. அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டில் வேறு யாராவது வண்டி எடுத்திருந்தால் அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஷாக் அப்சார்பர் விஷயம் வேறு. ஷாக்கின் ராட் மேலும் கீழும் போகும்போது சீல் வழியாகக் கொஞ்சம் ஆயில் படலமாக வெளியே வருவது இயல்பு, சீலுக்கே அந்த வழுவழுப்பு தேவை. அதன் மேல் தூசி படிந்து மேல்பகுதி கறுத்திருந்தால் அது கசிவு இல்லை. ஆயில் சொட்டாக ஓடி ஸ்பிரிங் தட்டைத் தாண்டி இறங்கியிருந்தால்தான் கசிவு. உங்களிடம் "கசிகிறது" என்று சொல்லி பில் போடுகிற அதே ஆள், கம்பெனிக்கு "படலம்தான்" என்று எழுதினால் இரண்டில் ஒன்று பொய். துடைத்துவிட்டு ஐந்நூறு கி.மீ. ஓட்டி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். டயரையும் கையால் தடவிப் பாருங்கள். ஷாக் செத்துப்போனால் சக்கரம் ரோட்டில் துள்ளித் துள்ளி டயரில் மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாகத் தேயும். ஒரு ஓரம் மட்டும் சீராகத் தேய்ந்திருந்தால் அது அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு, ஷாக் இல்லை.

"ரோடு மோசம்" என்கிற பதிலுக்கு வருகிறேன். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். இந்திய ரோடு காங்கிரஸின் விதிப்படி (ஐ.ஆர்.சி. 99) வளைவான ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் தாண்டுவதற்கான கணக்கு அது. நம் தெருவில் இருப்பது எது? ஒரு முழம் அகலத்தில், ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய சிமெண்ட் மேடு. இதெல்லாம் காரைச் செய்கிறவர்களுக்குத் தெரியாததா? இந்த ரோட்டில் ஓட்டித்தான் சோதிக்கிறார்கள், இந்த ரோட்டுக்கு ஏற்றது என்று கிரவுண்ட் கிளியரன்ஸைச் சொல்லித்தான் விற்கிறார்கள். அன்றாடம் எல்லா வண்டியும் போகிற ரோட்டில் போனது தவறான உபயோகம் ஆகாது. குறிப்பிட்ட ஓர் இடி, அதன் தடயம், அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்த வாதம் நிற்காது.

ஆனால் நம் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். வண்டி உயரமாக இருக்கட்டும் என்று ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் ரப்பர் பஃபர் மாட்டியிருந்தாலோ, கம்பெனி அளவைவிடப் பெரிய ரிம் டயர் போட்டிருந்தாலோ, வெளியில் சி.என்.ஜி. கிட் வைத்துப் பின்பக்கம் பாரம் ஏற்றியிருந்தாலோ, அதைப் பிடித்துக்கொள்வார்கள். ரப்பர் பஃபர் விஷயத்தில் அவர்கள் சொல்வது நியாயமும்கூட. ஸ்பிரிங்கின் அசைவைத் தடுத்தால் அந்த அடி ஷாக்குக்கும் மவுண்டிங்குக்கும்தான் போகும். சீட் கவர் மாட்டியதற்கும் வெளியில் டயர் வாங்கியதற்கும் சஸ்பென்ஷன் வாரண்டியை மறுத்தால் மட்டும் விடாதீர்கள். மாற்றியதற்கும் கெட்டதற்கும் என்ன தொடர்பு என்று எழுதிக் கேளுங்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் உதிரி பாகங்களையும் பழுது பார்ப்பதையும் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டதற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளியில் வேலை பார்த்தாலே வாரண்டி மொத்தமும் போய்விடும் என்கிற பயமுறுத்தலும் அந்த வழக்கில் பேசப்பட்ட விஷயம்தான். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை.

இன்னொரு வலை இருக்கிறது. இதை எச்சரிக்கையாகவே சொல்கிறேன். "வாரண்டியில் வராது சார், இன்சூரன்ஸில் போட்டுடலாம், பள்ளத்தில் இடிச்சதுன்னு எழுதிக் கொடுங்க" என்று அன்பாகச் சொல்வார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பள்ளி ஆசிரியை ஒருவர் இதை நம்பிக் கையெழுத்துப் போட்டார். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்துவிட்டு, இடித்த தடம் எதுவும் இல்லை, இது தேய்மானம் என்று க்ளெய்மை மறுத்தார். தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் மோட்டார் பாலிசியில் வராது. வாரண்டிக்குத் திரும்பி வந்தால், "நீங்களே பள்ளத்தில் இடித்ததாக எழுதியிருக்கிறீர்களே" என்று அந்தத் தாளையே நீட்டினார்கள். இரண்டு கதவும் மூடிவிட்டது. அவர் வாசலில் ஒன்றும் பேசாமல் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. நடக்காத விபத்தை எழுதிக் கொடுப்பது பொய் என்பது ஒருபுறம். நாளைக்கு உங்களுக்கு எதிரான முதல் சாட்சியும் அதுதான்.

வாரண்டி கையேட்டைப் படித்தீர்களா? ஆன்லைன் விளம்பரத்தில் இருக்கும் வருடக் கணக்கை நம்பாதீர்கள். மாருதி 2024 ஜூலையில் இரண்டு வருடம், 40,000 கி.மீ. என்று இருந்ததை மூன்று வருடம், ஒரு லட்சம் கி.மீ. என்று உயர்த்தியது. ஆனால் எந்தக் கம்பெனியானாலும் உள்ளே ஒரு விலக்குப் பட்டியல் இருக்கும். பிரேக் பேட், கிளட்ச், வைப்பர், ஃபில்டர் எல்லாம் அதில் இருக்கும். சிலவற்றில் புஷ், ரப்பர் பாகங்களும் இருக்கும், சிலவற்றில் அவற்றுக்குத் தனியாகக் குறைந்த காலம் கொடுத்திருப்பார்கள். உங்கள் கையேட்டில் லோயர் ஆர்ம் புஷ் பெயர் சொல்லி விலக்கப்படவில்லை என்றால், "தேய்மானம்" என்ற பொதுச் சொல்லுக்குள் அதை அடைக்க முடியாது. விலக்கியிருந்தாலும், ஒட்டு விட்டுப்போனதைத் தேய்மானம் என்று சொல்ல முடியாது என்று வாதாடலாம். அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டியில் மாற்ற ஒப்புக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் கவனம் வேண்டும். ஒரே புஷ் ஒரே வருடத்தில் இரண்டு தடவை போன வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பலவற்றில் குற்றம் பாகத்தில் இல்லை, முடுக்கிய விதத்தில். வண்டி லிஃப்டில் இருக்கும்போது சக்கரம் கீழே தொங்கும், ஆர்மும் கீழ்நோக்கி இருக்கும். அந்த நிலையிலேயே ஏர் கன்னால் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ஆர்ம் மேலே திரும்பும், புஷ் ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த முறுக்கின் மேல் இன்னும் முறுக்கு. சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழிந்துவிடும். முறைப்படி, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான், டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து முடுக்கும் கருவி) கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். அவசரத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. ஃப்ளோர் இன்சார்ஜிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: "அண்ணா, ஆர்ம் போல்ட்டை வண்டியை இறக்கின பிறகு டைட் பண்ணுங்க." தெரிந்தவர் என்றால் புரிந்துகொள்வார். வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் செய்து, அதற்கு முன்னாலும் பிறகும் எடுத்த அளவு இரண்டையும் பிரிண்ட் வாங்குங்கள்.

மறுத்தால், நேரில் பேசிய எதையும் அன்று மாலையே மெயிலில் போடுங்கள். டீலருக்கு மட்டும் அனுப்பாதீர்கள், கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் கட்டாயம். ஏன் கட்டாயம் என்றால், 2021இல் டாடா மோட்டார்ஸ் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், டீலர் செய்த தவறுக்குக் கம்பெனி தானாகப் பொறுப்பாகாது, கம்பெனிக்குத் தெரியும் அல்லது பங்கு உண்டு என்று காட்ட வேண்டும் என்றது. உங்கள் மெயில்தான் அந்தத் "தெரியும்". கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் வரும் நாளில் வண்டியை நேரில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் அவர் கையெழுத்தில்தான் சந்தேகக் கேஸ்கள் பாஸ் ஆகும். அதோடு உங்கள் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ரீகால் ஏதும் உண்டா என்று கேளுங்கள். 2020இல் சீனாவில் டெஸ்லா சுமார் 30,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களை சஸ்பென்ஷன் லிங்க் உடைவதற்காகத் திரும்ப அழைத்தது. அமெரிக்க அதிகாரிகளிடம் அதே கம்பெனி, குறை எதுவும் இல்லை, ஓட்டுகிறவர்கள் கரடுமுரடாக ஓட்டியதுதான் காரணம் என்று எழுதியது. ஓட்டுகிறவர் மேல் பழியைப் போடுவது உங்கள் ஊர் டீலர் கண்டுபிடித்தது இல்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் புகாரைக் கம்பெனியின் சரியான மேஜைக்கு அனுப்புவார்கள், பல கேஸ் அங்கேயே முடிகிறது. கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் இல்லாமலும் போகலாம். வண்டி டாக்ஸியாகவோ வியாபாரத்துக்கோ ஓடினால் மட்டும், சொந்தப் பிழைப்புக்கு நீங்களே ஓட்டுவதாகக் காட்ட வேண்டியிருக்கும்.

அங்கே என்ன கேட்பது என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். "புது வண்டி கொடு, முழுப் பணத்தையும் திருப்பிக் கொடு" என்று எழுதுவார்கள். மாருதி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம், வாரண்டி சொல்வது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதைத்தான், முழு வண்டியை அல்ல என்று சொல்லிவிட்டது. ஆகவே பாகம், லேபர், அலைன்மெண்ட், கெட்டுப்போன டயர் இருந்தால் அது, அலைந்ததற்கு நஷ்டஈடு, வழக்குச் செலவு என்று அளவாகக் கேளுங்கள். தயாரிப்புக் குறை என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பாகத்தைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதற்குப் பாகம் கையில் இருக்க வேண்டும். வண்டி இல்லாமல் பிழைப்பு நடக்காது, பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், "வாரண்டி உரிமையை விட்டுக்கொடுக்காமல் எதிர்ப்புடன் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதிக் கையெழுத்திட்டுக் கட்டுங்கள். கழற்றிய புஷ்ஷையும் ஷாக்கையும் சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். நீங்கள் காசு கொடுத்து மாற்றினால் பழைய பாகம் உங்களுடையது.

ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். லிங்க் ராட் தட்டினால் பயமில்லை, காதுக்குத்தான் தொல்லை. கிழிந்த புஷ்ஷோடு ஊருக்குள் மெதுவாகப் போய் வரலாம், ஆனால் பலமாகப் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் நகரும், அதனால் ஹைவேயும் மழைப் பயணமும் வேண்டாம். பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) மட்டும் வேறு கதை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் மேலும் கீழும் இரண்டு கையால் பிடித்து உள்ளே வெளியே ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே ஆட்டம் தெரிந்து, அது வீல் பேரிங் இல்லை, பால் ஜாயிண்ட்தான் என்று உறுதியானால், அந்த இடத்திலிருந்து வண்டியை ஓட்டி எடுக்காதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். உங்கள் வண்டிக்கு ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருந்தால் போன் செய்து ட்ரக்கில் ஏற்றியே கொண்டுபோகச் சொல்லுங்கள், அந்த டோயிங் ரசீதையும் ஃபைலில் வையுங்கள்.